23 எழுதியிருக்கும் முனை

நூல் லோடு ஏற்றி இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டிய முதுகு இது. இனி லாரிப் பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். அப்போதுதான் விமான நிலையத்துக்குள் ஜீப் ஓட்ட ஆள் தேடுவது தெரிந்தது. ஓடுபாதையில் கல், ஆணி கிடக்கிறதா என்று பார்த்து வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே வண்டி ஓட்டப் பர்மிட் வேண்டும். பர்மிட்டுக்குத் தேர்வு உண்டு.

கோடுகள் இரண்டே நாளில் பிடிபட்டுவிட்டன. மஞ்சளில் இரண்டு முழுக்கோடும் அதற்கப்பால் இரண்டு விட்டுவிட்டுப் போகும் கோடும் வந்தால், டவரைக் கேட்காமல் தாண்டக் கூடாது. என் உயிரை எடுத்தது எண்கள்தான். ஓடுபாதையின் ஒரு முனையில் 05, மறுமுனையில் 23. வடக்கிலிருந்து வலப்பக்கமாக டிகிரியில் எண்ணும் திசைக் கணக்காம். கடைசிப் பூஜ்ஜியத்தை விட்டுவிடுவார்களாம். 23 என்றால் 230 டிகிரி, அதாவது தென்மேற்கு, எங்கள் பேச்சில் கன்னி மூலை. சரி, கன்னி மூலையில்தானே அதை எழுத வேண்டும்? எதிரே வடகிழக்கில், ஈசானி மூலையில் எழுதி வைத்திருக்கிறார்கள். வீடோ காடோ கிணறோ, அது இருக்கிற மூலையைச் சொல்லியே வளர்ந்தவன் நான். தேர்வுக்குப் போன இரண்டு முறையும் 23 எந்த முனை என்ற கேள்வியில்தான் கவிழ்ந்தேன். இன்னொரு முறை தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஜீப்புக்கு ஆள் எடுக்கும் காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

அவிநாசியில் வீட்டுக்கு வந்து, பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்த மனைவியிடம் புலம்பினேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏனுங்க, பஸ்ஸு நிக்கிற ஊரையா போர்டுல எழுதறாங்க? போற ஊரத்தானுங்க?" என்றாள்.

அட, இவ்வளவுதானா என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. ஈசானி மூலையில் இறங்கும் விமானம் கன்னி மூலையைப் பார்த்து ஓடுகிறது; அது போகிற பக்கத்தைத்தான் 23 சொல்கிறது. ஒரு வாரம் இதையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன்.

தேர்வு வைத்த அதிகாரி சின்ன வயதுப் பெண், துடியலூர்க்காரர். இந்த முறை அறையில் உட்கார வைக்காமல் ஜீப் பக்கத்தில் நிறுத்தியே கேட்டார். எல்லாம் சொன்னேன். கடைசியில், டவர் உங்களை 23 முனைக்குப் போகச் சொன்னால் எந்தப் பக்கம் போவீர்கள் என்றார்.

"ஈசானி மூலைக்குங்க மேடம்" என்றேன், பட்டென்று.

அவர் எழுதவில்லை. என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது தன்பாட்டுக்குக் கன்னி மூலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

வாய்தான் சரியாகச் சொல்லிவிட்டதே என்று கெஞ்சினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கெஞ்சினேன்.

"சரியாத்தானுங்ணா சொன்னீங்க" என்றார் மெதுவாக. "ஆனா ஸ்டியரிங்கப் புடிக்கறது கைதானுங்களே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் எனக்குப் பர்மிட் கொடுத்திருக்க மாட்டேன். வெளியே வந்து பழைய லாரி முதலாளிக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை வெள்ளகோவிலில் லோடு ஏற்ற வேண்டும், முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.