மோட்டார் போடும் வேலை

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில் ஷேர் ஆட்டோக்கள் என் பக்கத்தில் வந்து வேகம் குறைத்தன. கை காட்டாமல் நடந்தேன். பையில் இரண்டு சட்டை, போர்வை, ஒரு தட்டு. ஊர் ஊராக வேலை தேடித் திரிகிறவன் நான். பையோடு கிளம்புவது எனக்குப் புதிதல்ல. அடித்து விரட்டியிருக்கிறார்கள், கூலி தராமல் அனுப்பியிருக்கிறார்கள். அதெல்லாம் ஓரிரு நாளில் ஆறிவிடும். இது ஆறவில்லை. அன்று காலை என் வீட்டுக்காரப் பெரியவர், குடியிருக்கும் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கை நீட்டிக் காட்டி, "இந்த லீவுதான் என் மோட்டார தூக்கினான்" என்று சொல்லிவிட்டார்.

லீவு என்பது அவர் எனக்கு வைத்த பெயர். அவருடைய வரிசை அறைகளில் கம்பெனி ஆட்கள்தான் வாடகைக்கு இருந்தார்கள். பெயர்கள் அவருக்கு நிற்காது. ஷிப்ட்டைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு, பக்கெட்ட வையி. ஜெனரலு, எழுந்துக்கினியா இல்லியா?" எனக்கு நிலையான வேலை கிடையாது, கூப்பிட்டால் லோடு இறக்கப் போவேன். அதனால் நான் லீவு.

அவருடைய நிலம் தொழிற்பேட்டைக்குப் போயிருந்தது. அதற்காக அவர் ஒரு நாளும் புலம்பியதில்லை. அந்தப் பணத்தில்தான் அறைகள் கட்டினார். ஆனால் பணம் வந்த பிறகு அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் இரும்பு கேட் வந்துவிட்டது. கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கு உள்ளே போய்விட்டார்கள். மனைவி இறந்தார். காது மந்தமானது. மகனும் மருமகளும் மாடியில் இருந்தார்கள். சாப்பாடு இறங்கி வரும், பேச்சு இறங்கி வராது. அவருக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு வேலை: காலையிலும் மாலையிலும் மோட்டார் போட்டுத் தண்ணீர் விடுவது. சுவிட்சைத் தட்டிவிட்டு, கைத்தடியால் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போவார். யாருக்குக் காய்ச்சல், யார் ஊருக்குப் போயிருக்கிறான், யார் சூப்பர்வைசரோடு சண்டை போட்டான், எல்லாம் அவருக்குத் தெரியும். ஒடிசாக்காரர்களைத் தமிழில் திட்டுவார். அவர்கள் தங்கள் பாஷையில் திருப்பித் திட்டுவார்கள். இரண்டு பக்கமும் சிரிப்பு.

பிறகு மறதி வந்தது. மோட்டாரை நிறுத்த மறந்து, டேங்க் வழிந்து சந்தெல்லாம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்றார். ஒரு நாள் மணிமங்கலம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார், எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. மகன் என்னிடம் வந்தார்.

"அண்ணே, பகல்ல வூட்ல இருக்கறது நீங்கதான். ஆஸ்பத்திரிக்குக் கூட வாங்க. உங்க பேச்சத்தான் கேக்குறாரு."

அரசு மருத்துவமனை டாக்டரம்மா அவரிடம் பொறுமையாக நிறையக் கேட்டார். பிறகு மகனிடம் திரும்பினார். "இத அடியோட நிறுத்த முடியாதுங்க, மெதுவாக்கலாம். காதுக்கு மெஷின் வைங்க. காது கேக்கலன்னா மனுஷங்ககிட்டேருந்து ஒதுங்கிடுவாரு, அது இன்னும் வேகமா இழுத்துட்டுப் போயிடும். பிரஷரப் பாத்துக்கோங்க. தினமும் செய்யற வேலைய மட்டும் புடுங்கிடாதீங்க. தப்பு பண்ணா பக்கத்துல ஒருத்தர் நின்னு திருத்தட்டும்."

வெளியே வந்ததும் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மோட்டார நைனாவே போடட்டும்ணே. நீங்க கூட நில்லுங்க. அதுல நான் கை வைக்க மாட்டேன்."

நின்றேன். மெஷின் வந்தது. மாட்டிய முதல் நாள், "இன்னாடா இது, அத்தினி பேரும் கத்துறீங்க" என்றார். டேங்க் நிறைந்ததும் வழியும் குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் அவருக்கு மறுபடி கேட்டது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் இத்தனை வருடம் மோட்டாரை நிறுத்தியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறதி என்று நாங்கள் நினைத்ததில் பாதி காது செய்த வேலை. அந்த மழைக்காலம் முழுக்க நன்றாக இருந்தார். "லீவு, உனக்கு ஒரு பொண்ணு பாக்கட்டா? மோட்டார் போடத் தெரிஞ்ச பொண்ணா?" என்பார்.

நான் லோடுக்குப் போயிருந்த ஒரு காலையில் அவர் மோட்டார் போடவில்லை. ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆட்கள் குளிக்காமல் பஸ் பிடித்தார்கள். கம்பெனி லைனில் நிற்கிறவனுக்குக் குளிக்கத் தண்ணீர் வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாலையில் நான் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பேசினேன். "தாத்தாவ யாரு இன்னா சொல்லப் போறாங்க, வுடுங்கண்ணே" என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் சேர்ந்து மத்தியானமே மகனுக்கு வாட்ஸ்அப்பில் புகார் அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது புதுப் பெட்டி ஒன்று மாட்டியிருந்தது. தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், நிறைந்தால் தானாக நிற்கும். பழைய சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தைச் சிமெண்டால் பூசிவிட்டிருந்தார்கள்.

"கை வைக்க மாட்டேன்னு சொன்னீங்களே?" என்று மகனிடம் கேட்டேன்.

"ரூமெல்லாம் காலியாச்சின்னா நீங்களாண்ணே வந்து இருப்பீங்க?" என்றார்.

பெரியவர் தினமும் காலையில் வந்து அந்தப் பூச்சை விரலால் தடவிப் பார்ப்பார். கதவு தட்டப் போகவில்லை. தட்டினால் சொல்வதற்கு ஒன்றும் இல்லையே. மெஷினைக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டுவிட்டார். "கேக்கறதுக்கு இன்னா கீது?" என்றார். கொஞ்ச நாளில் ஷிப்ட்டுகளும் குழம்பின. குளிக்கச் சொன்னால் அடிக்க வந்தார்.

கடைசியாக அந்தக் காலையில் கைத்தடியால் சுவரைக் கொத்தத் தொடங்கினார். சத்தம் கேட்டு எல்லோரும் பக்கெட்டும் கையுமாக வெளியே வந்தார்கள். மகனும் இறங்கி வந்தார்.

"எவன்டா என் மோட்டார தூக்கினது?" ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் என்னிடம் நின்றார். "இந்த லீவுதான் தூக்கினான். கூடவே நின்னுக்கினு இருந்தான் பாரு, அதுக்குத்தான்."

மகன் பக்கத்தில்தான் நின்றார். "நான்தான் கழட்டினேன் நைனா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சரி நைனா, அவர அனுப்பிடறேன்" என்றார். பிறகு குரலைத் தணித்து என்னிடம், "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. நீங்க இருந்தா அவருக்கு அதே ஞாபகம் வந்துகினே இருக்கும்" என்றார். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். பக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அவர் என்னை மறந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. எல்லாப் பெயரும் போன பிறகும் என் பெயரை மட்டும் சரியாக வைத்திருந்தார்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் படுத்து எழுந்தேன். காலையில் ஆள் பிடிக்க வந்த கான்ட்ராக்டர் இரண்டு வேலை சொன்னார். "உன் வயசுக்கு வாட்ச்மேன் வேலைதான்யா சரி. காலி குடோனு. சேரு, ரூமு, ஃபேனு, எல்லாம் கீது. ஈ காக்கா வராது. இல்லன்னா இருங்காட்டுக்கோட்டைல கேன்டீன்ல தட்டு கழுவணும். நாள் பூரா நிக்கணும். அங்க இருக்கற பொம்பளைங்க வாய் ஓயாது."

எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெண்டாட்டி பிள்ளை இல்லை. கொஞ்ச நாளாக வலது காதில் ஓர் இரைச்சல் வேறு. அந்தக் குடோனின் நாற்காலியைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன்.

"கேன்டீன்" என்றேன்.

"கால் வலிக்கும்யா."

"வலிக்கட்டும்."

பெரிய சிங்க் ஒன்றுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பக்கத்தில் தட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாய்யா, வந்ததுலேர்ந்து வாயே தொறக்கல. ஊமையா?"

"இல்லம்மா" என்று சொல்லி, அவர் நீட்டிய தட்டை வாங்கிக்கொண்டேன்.