லைவில் இருந்த முகம்

அழகு சோறு போடுமா என்று எங்கள் பக்கத்தில் கேட்பார்கள். எனக்குப் போட்டது. அதனால் முகம் போனால் என்ன, மனசுதான் முக்கியம் என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எனக்குக் கெட்ட கோபம் வருகிறது. மனசைக் காட்டிச் சேலை விற்க முடியாது.

இளம்பிள்ளையில் ஒரு சேலைக் கடையில் லைவ் போடுகிறவளாக இருந்தேன். போனை ஸ்டாண்டில் மாட்டி, வட்ட விளக்கைப் போட்டு, சேலையைத் தோளில் சார்த்தி, முந்தானையை விரித்து, விலையைச் சொல்லி, திரையில் ஓடுகிற கமெண்டுகளைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இடையில் ஓய்வு என்று பெயர், ஆனால் அப்போதுதான் ஆர்டர்களைப் போனில் பார்த்துப் பிரிக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரரோடு வீடியோ கால். அவர் போர்வெல் வண்டியில் வடக்கே போனவர், அங்கே மழை பிடித்து வேலை நின்றால்தான் ஊருக்கு வருவார். கண் விழித்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் என் முகத்துக்கு எதிரே ஏதாவது ஒரு வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது.

நான் அந்தக் கடைக்குச் சேலை மடிக்கத்தான் போனேன். முதலாளி எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், அண்ணன் முறை. ஒரு நாள் லைவ் போடுகிற பெண் வராமல் போகவே, என்னைப் பிடித்து விளக்குக்கு முன்னால் நிறுத்தினார்.

"எனக்கு என்னங்கண்ணா பேசத் தெரியும்?" என்றேன்.

"ஊட்டுல பேசறாப்புல பேசு அம்மிணி, போதும்" என்றார்.

வீட்டில் நான் எங்கே பேசினேன்? அப்பா பேசுவார், நாங்கள் கேட்போம். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் பேசினார், நான் கேட்டேன். போனுக்கு முன்னால் நின்று பேச ஆரம்பித்த பிறகுதான் எங்கெங்கோ இருக்கிற பெண்கள் அக்கா, அக்கா என்று என் பேச்சைக் கேட்க வந்தார்கள். சோறு வடித்துக்கொண்டே கேட்கிறோம் என்பார்கள். ஒரு நாள் லைவ் இல்லாவிட்டால் காய்ச்சலா என்று விசாரிப்பார்கள். அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வெறியாகவே இருந்தேன். சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் ஒரு ஆள் என்று எனக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான்.

லைவ் போடுகிற எல்லோரும் பில்டர் வைத்துத்தான் போடுவோம். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. போனில் ஒரு இடத்தைத் தொட்டால் கன்னம் வழவழவென்று ஆகிவிடும், கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பு ஓடிவிடும், நிறம் ஒரு படி ஏறிவிடும். இந்த ஊரில் லைவ் போடுகிற பெண்கள் அத்தனை பேரும் திரையில் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான் இருப்போம்.

ஆனால் பில்டர் முகத்தோடு நின்றுகொள்ளாது. சேலையின் நிறத்திலும் கை வைக்கும். அரக்குச் சேலை வெறும் சிவப்பாகத் தெரியும், மயில் கழுத்து நிறம் வெளிறிப்போகும். நல்ல வெயிலில் நின்றால் மட்டும் அது முகத்தோடு நின்றுகொள்ளும், சேலை உள்ள நிறத்தில் தெரியும். ஏமாந்த பெண்கள் விவரமானார்கள். "வெயில்ல காட்டுங்க அக்கா" என்று கமெண்ட் போட ஆரம்பித்தார்கள். அதுவே எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது. சேலை ஒவ்வொன்றையும் விளக்கில் காட்டிவிட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போய், தோளில் சார்த்தி வெயிலில் நின்று காட்ட வேண்டும். வெயிலில் காட்டிய சேலையைக் கலர் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பேச்சு. சேலம் பக்கத்து வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் திரை சரியாகத் தெரியாது. கண்ணை இடுக்கி, புருவத்தை நெரித்து, போனை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்க் கமெண்டைப் படிப்பேன். பிறகு உள்ளே வந்து விளக்குக்கு முன்னால் நிற்பேன், அடுத்த சேலைக்கு மறுபடியும் வாசலுக்குப் போவேன்.

முப்பத்தெட்டு வயதில் என் முகத்தில் மங்கு விழுந்தது. கன்னத்து எலும்பின் மேல் முதலில் தேநீர் சிந்தினாற்போல் ஒரு கறை. பிறகு அது மூக்கின் மேல் ஏறி அடுத்த கன்னத்துக்கும் போயிற்று. புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள் நிரந்தரமாக உட்கார்ந்தன. குனிந்து குனிந்து போன் பார்த்ததில் கழுத்தில் கயிறு கட்டினாற்போல் மடிப்புகள். கண்ணாடியில் பார்த்தால் என் அத்தை நின்றாள். அவளுக்கு அறுபது வயது.

எனக்கு என்ன கவலை, பில்டர் இருக்கிறதே என்றுதான் முதலில் இருந்தேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பக்கத்துக் கடைப் பெண் ஒருத்தி சொன்னாள் என்று மருந்துக்கடையில் ஒரு கிரீம் வாங்கிப் போட்டேன். டாக்டர் சீட்டு எதுவும் கேட்காமல் கொடுத்தார்கள். சில வாரங்களில் முகம் வெளுத்துப் பளபளத்தது, நானும் துள்ளினேன். அப்புறம் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, அடுப்புப் பக்கம் போனாலே எரிந்தது, கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிந்தது. ஒரு நாள் போடாவிட்டால் மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்தது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்பது இதற்குத்தான்.

பஸ் ஏறிச் சேலத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். என் தினப்படி வேலையைச் சொல்லிவிட்டு, "எல்லாம் இந்தப் போன் வெளிச்சத்தாலதானுங்க டாக்டர். போன் வெளிச்சம் தோலை அரிச்சுத் தின்னுதாமா" என்றேன்.

"யார் சொன்னாங்க?"

"போன்ல ஒரு வீடியோல பாத்தேனுங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதில் சிரிக்க ஒன்றும் இல்லை. போன் வெளிச்சத்துக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கலாம், ஆனால் வெயிலுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை என்றார். போன் வேறு வழிகளில்தான் கெடுக்கிறது. தூக்கத்தைத் தின்கிறது, கண்ணை இடுக்க வைக்கிறது, கழுத்தைக் குனிய வைக்கிறது. அந்தக் கிரீம் தனியாகக் கெடுத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த வாசல்.

"மத்தியான வெயில்ல எதுக்கும்மா போய் நிக்கிறீங்க?"

"பில்டர் போட்டா சேலைக் கலர் மாறிப்போகுதுங்க. அதனால வெயில்ல காட்டோணும்."

"பில்டர் எதுக்குப் போடறீங்க?"

"மங்கு தெரியக் கூடாதுங்களே."

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னது என் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. மங்கை மறைக்கப் பில்டர், பில்டரின் பொய்யைத் திருத்த வெயில், வெயிலால் இன்னும் மங்கு. செக்கு மாடு கூட இப்படிச் சுற்றியிருக்காது.

டாக்டரம்மா சொன்னதை எல்லாம் செய்தேன். கிரீமை நிறுத்தினேன். தோல் நிறத்திலேயே ஒரு சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தார், அது விளக்கு வெளிச்சத்துக்கும் தாங்குமாம். அதை நெற்றி, காது, கழுத்து வரைக்கும் பூசி, வேர்த்துப் போனால் மறுபடியும் பூசினேன். ஸ்டாண்டை உயர்த்திப் போனைக் கண் மட்டத்துக்கு, ஒரு கை தூரத்தில் வைத்தேன். நடுநடுவே திரையை விட்டுத் தெருவைப் பார்த்தேன். ராத்திரி போனைச் சமையலறையில் போட்டுவிட்டு வந்து படுத்தேன். வெயிலுக்கு என்னை விட்டுவிட்டுக் கடைப் பொம்மைக்குச் சேலை கட்டி வாசலில் நிறுத்தினேன். "பொம்மைக்கு எதுவும் எடுப்பாத்தான் இருக்கும், நீங்க போட்டுக் காட்டுங்க" என்று கமெண்ட் வந்தது. சரி, வாசலே வேண்டாம் என்று வாய் ஜாலத்தில் சமாளித்தேன்.

நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்பதெல்லாம் சும்மா. கிரீமை நிறுத்தியதும் முகம் வெடித்தது. சிவந்து, வீங்கி, பொரிப்பொரியாக எழும்பியது. சில மாதங்கள் இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டால்தான் சரியாகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் ஊருக்கு வந்தார். வாசலில் பையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். வீடியோ காலிலும் நான் பில்டரை எடுத்ததில்லை.

"ஏன் அம்மிணி, அம்மை கிம்மை போட்டுதா? ஒரு வார்த்தை சொல்லலையே நீ" என்றார்.

அவர் நல்ல மனுஷன். மறுநாளே பப்பாளியும் மாதுளையும் வாங்கி வந்தார். "உட்டுத்தள்ளு அந்த வேலைய. ஊட்டுல இரு, தானாச் சரியாப் போயிரும்" என்றார். வீட்டில் இருந்தால் முகம் சரியாகியிருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் சரியான முகத்தை வைத்துக்கொண்டு வீட்டில் நான் என்ன செய்வது? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பிப் போன கொஞ்ச நாளில் மோகனூர் பக்கம் ஒரு கல்யாண வீட்டிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. பெண் வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே அரக்கு நிறத்தில் சேலை. லைவில் பார்த்துத்தான் எடுத்தார்கள். நான் வாசலுக்குப் போகவில்லை, விளக்கிலேயே காட்டி முடித்தேன். பில்டர் தன் வேலையைக் காட்டியது. போய்ச் சேர்ந்த சேலைகள் அவர்கள் பார்த்த நிறம் இல்லை என்று மொத்தமாகத் திரும்பி வந்தன. வெயிலில் காட்டவில்லை என்பதால் எங்கள் பக்கம் பேச வாயே இல்லை. கல்யாண வீட்டு அம்மா போனில் அழுதார்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இனிமே பில்டரே வேண்டாம் அம்மிணி. உள்ளது உள்ளபடி காட்டிரலாம்" என்றார்.

"இன்னும் ரெண்டு மாசம் பொறுங்கண்ணா, முகம் தெளிஞ்சிரும்."

"யாவாரம் பொறுக்குமா?"

மறுநாள் காலையில் பில்டர் இல்லாமல் நின்றேன். திரையில் என் முகம் வந்தது. கமெண்டுகள் வந்தன. அக்கா உடம்பு சரியில்லையா. அக்கா என்ன ஆச்சு. இது வேற அக்காவா. முகத்துல இருந்து கேமராவை எடுத்துச் சேலையைக் காட்டுங்க. நான் ஒவ்வொன்றையும் படித்தேன், படிப்பதுதானே என் வேலை. சிரித்துக்கொண்டே விலை சொன்னேன். அந்த வாரம் முழுக்கப் பார்க்கிறவர்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போயிற்று. எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் கொடுமை.

அடுத்த வாரம் முதலாளி தன் மனைவி வழியில் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், கல்லூரி முடித்தவள். தண்ணீர் விட்டுக் கழுவினாலே போதும் என்கிற முகம், பில்டர் போட்ட என் முகம் போலவே இருந்தது. சேலை அவள் தோளில் தானாக விழுந்தது. ஆனால் பேச வரவில்லை. ஒரு தரம் பேச விட்டதில், அவள் வாயைத் திறந்ததுமே பார்த்துக்கொண்டிருந்த கொஞ்சப் பேரும் ஓடிவிட்டார்கள்.

"நீ பொறத்தால நின்னு பேசு அம்மிணி. சனத்துக்கு உன்ற குரல்தான் புடிக்குது. அவ நிக்கட்டும்" என்றார் முதலாளி. சம்பளத்தில் குறைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பேச்சாவது மிஞ்சட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

அவளிடம் என் சன்ஸ்கிரீனை நீட்டினேன். "எனக்கு எதுக்குக்கா? அதெல்லாம் வயசானவங்களுக்கு" என்றாள். நான் மூடியைத் திருகிப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் காலையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கமெண்டு படிக்க எனக்குத் தனியாக ஒரு போன். வழக்கம்போல வணக்கம் சொன்னேன், முந்தானையைச் சொன்னேன், பார்டரைச் சொன்னேன். அவள் திரும்பி நின்றாள், சிரித்தாள். இறங்கிப் போனவர்கள் எல்லோரும் மளமளவென்று ஏறி வந்தார்கள்.

அப்போது ஒரு கமெண்ட் வந்தது. "அக்கா, உங்க முகம் சரியாயிருச்சே! கடவுள் கண்ணைத் திறந்துட்டார். என்ன மருந்து போட்டீங்க?" அதன் கீழே இன்னும் சிலர், எங்களுக்கும் சொல்லுங்க அக்கா என்று கேட்டார்கள். எனக்காக வேண்டிக்கொண்டதாக ஒருத்தி எழுதியிருந்தாள்.

நான் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தேன். அவரும் படித்திருந்தார். இது வேறு பெண் என்று சொல் என்று அவர் சொல்லவில்லை. பேசு, பேசு என்று கையை ஆட்டினார்.

"ஆமாங்க சாமி, சரியாயிருச்சு" என்றேன். "சேலத்துல டாக்டரப் பாத்தேன். வெயில்ல போறதக் கொறச்சேன், போனக் கொறச்சேன், நேரத்துல தூங்கறேன். உங்க வேண்டுதலுக்கு ரொம்ப நன்றிங்க."

விளக்குக்கு முன்னால் அந்தப் பெண் என் பேச்சுக்குத் தகுந்தாற்போல் வெட்கப்பட்டு, தன் கன்னத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாள். எல்லோரும் ஹார்ட் போட்டார்கள்.