தையல் எண்ணெய் குடித்த கிடார்

மணி மூன்று. நான்கு மணிக்குள் பக்கிரிக்குப் போன் போட்டாக வேண்டும். அதிராம்பட்டினத்தில், ஹாஜா மைதீன் வீட்டுக் கூடத்தில், பாயில் கிடத்தியிருந்த இரண்டு எலக்ட்ரிக் கிடார்களுக்கு முன்னால் நடராசன் உட்கார்ந்திருந்தான். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

பட்டுக்கோட்டை லேத் பட்டறையில் இரும்பு கடைவது அவன் பிழைப்பு. காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராத வருஷம் குத்தகை நிலத்தை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனவன். சாயங்காலமானால் பக்கிரியின் இன்னிசைக் குழுவில் கிடார். ஆறு வருஷமாக வாசிக்கிறான். சொந்தக் கிடார் கிடையாது. டிரம்ஸ்காரருடையதை இரவல் வாங்கி வாசித்துக்கொண்டிருந்தான். அவருக்குக் குவைத் விசா வந்தது. கிடாரை விற்றுவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

பக்கிரி காலையில் கறாராகச் சொல்லிவிட்டார். “கும்பகோணத்துல ஒருத்தன் கீபோர்டு வெச்சிருக்கான் நடராசா. ஒரு பட்டனை அமுக்குனா கிடாரு, இன்னொண்ண அமுக்குனா வயலினு. நாலு மணிக்கு அவன்கிட்ட பேசி முடிக்கப் போறேன். அதுக்குள்ள கையில கிடாரோட நீ போன் பண்ணுனா வேளாங்கண்ணிக் கச்சேரி உனக்கு. இல்லன்னா முன்வரிசையில உக்காந்து கை தட்டு.”

இரண்டு கிடாரும் ஷார்ஜாவிலிருந்து ஹாஜா மைதீன் அக்காள் மகன்களுக்காகக் கொண்டுவந்தவை. அவர்களோ கம்ப்யூட்டர் படிக்கச் சென்னைக்குப் போய்விட்டார்கள். மூன்று வருஷம் கழித்து இப்போது விடுப்பில் வந்தவர், விற்றுவிட முடிவு செய்திருந்தார்.

“ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே விலை. எது வேணுமோ எடுத்துக்க தம்பி” என்றார்.

நடராசன் கறுப்பை எடுத்து ஒரு தட்டுத் தட்டினான். ‘பொத்’ என்றது. ஈரச் சாக்கைத் தட்டியதுபோல. சிவப்பை எடுத்தான். அம்மாடி! மேல்கம்பியைத் தொட்டதுமே கூடம் முழுக்கக் கலகலவென்று சிதறியது.

“போன வாரந்தான் புதுக் கம்பி மாட்டுனேன்” என்றார் ஹாஜா மைதீன், மீசையைத் தடவியபடி. “ஹால் சுவத்துல, ஜன்னல் பக்கத்துல அழகுக்கு மாட்டி வெச்சிருந்தது. கறுப்பு, பாவம், கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு.”

சிவப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட அவன் கை துடித்தது. ஆனால் லேத்தில் பழகிய கண் விடவில்லை. கிடாரைத் தூக்கி, அதன் கழுத்தை ஒற்றைக் கண்ணால் முனையிலிருந்து பார்த்தான், கடைந்த ராடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. நேராகத்தான் இருந்தது. கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் பஸ் டிக்கெட்டை வைத்துத் தள்ளினான். டிக்கெட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

“பாய், இங்க இடைவெளி இருக்கு.”

“டிக்கெட்டு போற அளவுதானே? ஆளு போகாதுல்ல?”

ஒரு கம்பியை நன்றாக இழுத்து வளைத்து விட்டான். சுருதி திரும்பி வரவில்லை. டியூனிங் கீயைத் திருகினான்; பல் சக்கரத்துக்குள் மணல் அரைபடுவதுபோல நெறுநெறுத்தது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஆறு குட்டித் திருகாணிகள். நகத்தை வைத்துச் சுரண்ட, பழுப்புத் தூள் உதிர்ந்தது. ஆறும் துருவேறி இறுகிக் கிடந்தன. புதுக் கம்பி மாப்பிள்ளைச் சட்டைதான். உள்ளே கடல்காற்று மூன்று வருஷம் குடித்தனம் நடத்தியிருந்தது.

மணி மூன்றரை. கறுப்பை மறுபடி மடியில் வைத்தான். வைத்ததும் விரல் வழுக்கியது.

“பாய், இதுல என்ன பிசுபிசுன்னு?”

ஹாஜா மைதீன் உள்பக்கம் திரும்பினார். “ஹமீதா! இந்தக் கிடாருக்கு என்ன பண்ணுன?”

அவர் மனைவி ஹமீதா பானு ஈரக்கையைத் துடைத்தபடி வந்தார். “என்ன பண்ணுவாங்க? மாசம் ஒரு தடவ தையல் மிஷின் எண்ணெ போட்டேன். ஃபேனுக்குப் போடுறேன், பெட்டிப் பூட்டுக்குப் போடுறேன், இதுக்கு மட்டும் போடக் கூடாதா? செவப்பத் தொடாதே, கறை புடிச்சிரும்னு நீங்கதான் போன்ல சத்தம் போட்டீங்க. தொடல.”

“கம்பிக்குமா எண்ணெ போட்டே?”

“கம்பி இரும்பு இல்லாம கரும்பா?”

நடராசன் குபீரென்று சிரித்துவிட்டான். பிறகு, சிரிப்பு பாதியில் நிற்க, டியூனிங் கீயைத் திருகினான். வெண்ணெய்போலச் சுழன்றது. ஆறு கீயும். பிரிட்ஜின் திருகாணிகளை வீட்டுச் சாவியின் முனையால் அசைத்தான். கேட்டபடி ஏறின, இறங்கின. கழுத்து நேர். பஸ் டிக்கெட் நுழையவே மறுத்தது. கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் ஓரத்தில் விரலை ஓட்டினான், எதுவும் குத்தவில்லை.

“அக்கா, நீங்க மகராசி! பாய், மொபெட்ல இருந்து கொஞ்சம் பெட்ரோலு, ஒரு கிழிஞ்ச கைலி. சீக்கிரம்!”

முற்றத்தில் வைத்துக் கம்பி கம்பியாகத் துடைத்தான். கைலியில் கறுப்புக் கோடுகள் விழ விழ, ‘பொத்’ கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. ஆனால் மேடையில் பேச வேண்டியது கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் வழியாக ஸ்பீக்கருக்குப் போகும் சத்தம். அதைக் கேட்க ஆம்ப்ளிஃபயர் வேண்டுமே? கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். டிவிக்குக் கீழே ஷார்ஜா விசிடி பிளேயர். அதன் முகத்தில், பாடுகிறவர்களுக்கான மைக் ஓட்டை!

கிடாரின் வயரை அதில் செருகினான். டிவி ‘உம்ம்ம்’ என்றது. கிடாரின் வால்யூம் குமிழைத் திருகி ஏற்றினான்; கரகரப்பு துளியும் இல்லை. சுருதி சேர்த்து, ஆறு கம்பியையும் ஒரே வீச்சில் இறக்கினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஹமீதா பானு காதைப் பொத்திக்கொண்டு, “யா அல்லா, இதுவா என் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு?” என்றார்.

மூன்று ஐம்பத்தாறு. நடராசன் சொல்லச் சொல்ல ஹாஜா மைதீன் தாமே பக்கிரியின் எண்ணைச் சுழற்றி, ரிசீவரை டிவி ஸ்பீக்கர் பக்கம் நீட்டிப் பிடித்தார். நடராசன் வாசித்தான். கம்பியை இழுத்து வளைத்து, விட்டு, அது சுருதிக்குத் தானே வந்து நிற்பதைக் கேட்டு, அந்தச் சந்தோஷத்திலேயே இன்னும் வேகமாக வாசித்தான். நிறுத்திவிட்டு ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தான்.

“யாருடா அது?” என்றது பக்கிரியின் குரல்.

“நான்தாண்ணே, நடராசன்.”

“உன்னத் தெரியும்டா. அந்தக் கிடாரு யாருதுன்னு கேக்குறேன்.”

நடராசன் நிமிர்ந்து ஹாஜா மைதீனைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

“என்னுதுண்ணே.”

“ஆறு மணிக்கு ரிகர்சல். அஞ்சே முக்காலுக்கே வந்துரு.”