ஊசியை விடச் சொன்னது நான்தான்

எனக்கு எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள். நடுவில் மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது கிட்டத்தில் எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை, அதனால் எழுத்தைப் பெரிசு பெரிசாகப் போடுகிறேன்.

ஓசூர் ரோட்டை நாலு வழியாக்கிக்கொண்டிருந்த சமயம். என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் சாமான்களை அளந்து பார்க்கும் வேலை. அளவுகோலில் மயிரிழை மாதிரி கோடு. ஐம்பது தாண்டியவர், திடீரென்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கண்ணால் படித்தார். கம்பெனி பஸ்ஸில் ஒரு கன்னடக்காரர், "கன்னடகா எல்லி?" என்று கேட்பாராம். கண்ணாடி எங்கே என்று அர்த்தம், அவர்கள் பாஷையில் கண்ணாடிக்குக் கன்னடகா என்று பேர். "தமிழனுக்கு எதுக்குய்யா கன்னடகா" என்பாராம் இவர்.

அப்புறம் ஆள் இளைத்துக்கொண்டே போனார். சர்க்கரை எக்கச்சக்கம் என்று டாக்டர் ஊசி எழுதினார். போட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் கண் மங்கியது.

"ரெண்டு கோடும் ஒண்ணா தெரியுது. சூப்பர்வைசர் பாத்தா வீட்டுக்கு அனுப்பிடுவான்" என்றார்.

"ஊசிதாங்க கண்ணைத் திங்குது. விட்டுடுங்க."

"டாக்டரை ஒரு வார்த்தை கேக்கலாமா?"

"அவுரு கண்ணா போவுது?"

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், அன்றைக்குத் திறந்தேன். மருந்து பாட்டிலைக் குப்பையில் எறிந்ததும் நான்தான்.

பத்து நாளில் கண் திரும்பிவிட்டது. தீப்பெட்டியில் இருந்த பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். "நீ சொன்னதுதான் சரி" என்றார். அந்த வார்த்தைதான் இன்னும் என்னை விடவில்லை. ரெண்டு வருசத்தில் கால் புண், கால் எடுத்தார்கள், அப்புறம் அவரே இல்லை.

போன மாசம் எனக்கும் ஊசி ஆரம்பித்தது. எனக்கும் மங்கியது. இந்தத் தடவை கேட்டேன்.

"பயப்படாதீங்கம்மா. சர்க்கரை ஏறினா கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் மாறிடும். இறங்கறப்ப மறுபடி மாறும். ஒரு மாசம், ஒண்ணரை மாசத்துல சரியாகிடும். அதுவரைக்கும் புதுக் கண்ணாடி போடாதீங்க, ஊசியை விட்டுடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

"எங்க வீட்டுக்காரரு ஊசிக்கு முந்தி வெறுங்கண்ணால படிச்சாரே?"

"அதுவும் சர்க்கரை பண்ணினதுதாம்மா."

தினம் ஊசி குத்தும்போது பக்கத்தில் அவர் கேட்கிற மாதிரி இருக்கிறது, டாக்டரை ஒரு வார்த்தை கேக்கலாமா என்று.

அவருடைய ஊசிச் சீட்டு டிபன் பையில் கிடக்கிறது. போட்ட நாளுக்கெல்லாம் டிக் அடித்திருக்கிறார். என் கண்ணுக்கு எட்டவில்லை. இருபது நாள் என்று நினைப்பு, தப்பாகவும் இருக்கலாம். யாராவது எண்ணிப் பார்த்து, அவர் இன்னும் எத்தனை நாள் பொறுத்திருக்கணும் என்று சரியாகச் சொல்லுங்கள்.