அம்மா பார்த்த பட்டணம்

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து சென்னைப் பட்டணம் அரை நாள் பயணம்தான். வேர்க்கடலை மூட்டைகளோடு நைனா பலமுறை போய் வந்திருக்கிறார். அம்மா ஒருமுறைகூடப் போனதில்லை.

அம்மாவின் தங்கை வண்ணாரப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு பொங்கலுக்கு வந்த சின்னம்மா, அக்காவை எப்படியாவது கூட்டிப் போய்விடுவது என்று முடிவு செய்து, அடுப்பு முன்னால் உட்கார்ந்தே எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டாள்.

"மொத நாளு பீச்சு. மறுநாளு உயிர் காலேஜு. அதுக்கு அடுத்த நாளு செத்த காலேஜு." மிருகக்காட்சி சாலையையும் மியூசியத்தையும் பட்டணத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஓட்டலுக்கு எப்போ?" என்றாள் அம்மா.

"தெனம்தான். மசால் தோசை துன்னலாம்."

"நானே போயி வாங்கிக்கினு வரணுமா?"

"இன்னாக்கா நீ! நீ குந்திக்கினு இருந்தா போதும். கொண்டாந்து உன் முன்னாடி வெப்பாங்க."

அம்மா நம்பாமல் சிரித்தாள். எங்கள் வீட்டில் எல்லோரும் தின்று ஆன பிறகு, மிச்சத்தைச் சட்டியோடு வைத்துக்கொண்டு தின்றவள் அவள். அதற்குப் பிறகு பல நாள் அதே பேச்சுதான். எந்தப் புடவை கட்டுவது, எருமையை யார் கறப்பது, சின்னம்மா வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். வேர்க்கடலை பிடுங்கியதும் போகலாம் என்று நைனாவும் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எல்லைப் பேச்சு சூடு பிடித்தது. ஆந்திரா தனியாகப் பிரிந்து சில வருஷம் ஆகியிருந்தது. எந்த ஊர் யாருக்கு என்பது மட்டும் தீராமல் கிடந்தது. எங்கள் பக்கம் சென்னையோடுதான் இருக்க வேண்டும் என்று நைனா கூட்டம் கூட்டமாக அலைந்தார். ஊர்வலத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வருவார். கடைசியில் திருத்தணி சென்னைப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராப் பக்கம் வந்தோம். சேதி தெரிந்த அன்று நைனா முகம் கழுவாமல், கஞ்சி குடிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்.

தெலுங்கு அவருக்குப் பகை இல்லை. சந்தையில் பாதிப் பேச்சு அதில்தான். தங்களைக் கைகழுவி விட்டார்கள் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அந்தக் கோபம் முழுக்கப் பட்டணத்தின் மேல் திரும்பியது.

வேர்க்கடலை பிடுங்கியதும் அம்மா மெதுவாகக் கேட்டாள். "எப்போங்க போறது?"

"நம்மள வாணாம்னு தூக்கிக் குடுத்தவங்க ஊர்ல போயி வேடிக்கை பாக்கணுமா? இனிமே என் காலு அங்க படாது. இந்த வூட்ல யாரு காலும் படக் கூடாது."

அம்மா என்னிடம்தான் சொன்னாள்: "நான் இன்னா ராஜ்ஜியமா கேட்டேன்? சமுத்திரத்தைத்தானே பாக்கணும்னேன்."

நைனா மூட்டைகளைப் பட்டணத்துக்குப் பதில் புத்தூருக்கு அனுப்ப ஆரம்பித்தார். சின்னம்மா அழைத்து அழைத்து ஓய்ந்துபோனாள்.

சில வருஷங்களில் அம்மா நிலைப்படியில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பக்கத்தில் வைத்த சொம்பு அவளுக்குத் தெரியாது. அடிக்கடி தலைவலி என்று படுத்துக்கொள்வாள். மாலைக்கண் என்று நினைத்து முருங்கைக்கீரையாக ஆக்கிப் போட்டோம். திருப்பதிக்குப் போய் முடி கொடுத்து வந்தோம். எதிரே நிற்பது நானா நைனாவா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்கும் நிலை வந்த பிறகுதான் திருப்பதியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். பட்டணத்துக்கு உடனே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் அவர்.

நைனா மறுநாள் காலையில் துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்து பஸ் ஏற்றினார். நானும் கூடப் போனேன்.

கண் ஆஸ்பத்திரியில் வெகுநேரம் சோதித்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போயிருக்கிறது, போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். கொஞ்ச வருஷம் முன்பே வந்திருந்தால் இருந்ததையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார். நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். எங்களில் அழாமல் இருந்தது அம்மா மட்டும்தான்.

"வந்ததுதான் வந்தோம்," என்றாள். "பீச்சுக்குப் போலாமா?"

அன்று சாயங்காலம் நைனா அவளை அலை வந்து தொடும் இடம் வரைக்கும் நடத்திக்கொண்டு போனார். தண்ணீர் காலில் பட்டதும் அம்மா அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மாம் தூரம் கீது?"

"கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணிதான்." சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "நம்ம ஊரு ஏரி கெணக்காத்தான். அக்கரை மட்டும் இல்ல," என்றார்.

ராத்திரி சின்னம்மா வீட்டில் தங்கினோம். மறுநாள் உயிர் காலேஜில் சிங்கம் கூண்டின் மூலையில் திரும்பிப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தது. நைனா, அது எழுந்து நடக்கிறது, நம்மையே பார்க்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். சத்தத்தையே காணோமே என்று கேட்டாள் அம்மா. பெரிய மிருகம் சும்மா கத்தாது என்றார். யானையின் உயரம், மயிலின் நிறம் என்று ஒன்று விடாமல் அவர் சொன்னார். அவ்வளவு பேசி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

பக்கத்திலேயே ஒரு ஓட்டலில் மசால் தோசை கொண்டுவந்து வைத்தார்கள். நைனா பிட்டுச் சட்னியில் தோய்த்து அவள் கையில் வைத்தார். வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"நீங்களும் துன்னுங்க."

"துன்றேன்."

"எங்க, சத்தமே வரல?"

நைனா ஒரு வாய் போட்டுக்கொண்டார். மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

செத்த காலேஜுக்கு நாங்கள் போகவில்லை. அம்மாவே போதும் என்றுவிட்டாள். திரும்பும் பஸ்ஸில் நைனா, "அப்பவே இட்டாந்திருக்கணும்மே," என்றார். அம்மா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு மிச்ச வெளிச்சமும் போய்விட்டது. கிணற்றடிக்கும் கொல்லைக்கும் அவளைக் கூட்டிப் போகிற வேலையை நைனா வேறு யாருக்கும் விடவில்லை. நானும் அண்ணன் கட்டிக்கொண்டு வந்த அண்ணியும் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டோம். தினமும் அவளுக்குச் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தானும் தின்பார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகும் ரொம்ப நாளைக்கு, வாசல்படி வந்ததும் நைனாவின் வலது கை தானாகப் பின்னால் நீளும்.