கிடங்கிடம் கேட்டவர்

மாவ்பி ஊர் நெல் கிடங்கில் நான் வைத்த, சூடு அளக்கும் வயர்லெஸ் சென்சார் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக புரோகிராம் எழுதி, மூட்டைகள்மேல் ஏறி ஏறி விழுந்தேன். தொழில், கம்ப்யூட்டர் இன்ஜினியர். ஈரநெல் ஒரு மூலையில் சூடேறினாலும் குவியலே கெட்டுவிடும் என்பதால் அவசரம் வேறு.

உதவிக்கு நகரத்தின் கியாக்டடா பேட்டையிலிருந்து வந்த புரோகிராமர் அம்மையார் குள்ளமானவர். கீபோர்டில் ஒவ்வொரு வரியையும் தட்டியதும், யாரோ பதில் சொன்னதுபோல் தலையாட்டுவார். என்னை 'சயா', அதாவது ஐயா, என்று கூப்பிட்டுச் சொன்னார்:

"ஏன் சயா, ஒவ்வொண்ணுகிட்டயும் போய்க் கெஞ்சுறீங்க? நடுவுல ஒரு சாஃப்ட்வேர் வைக்கிறேன். 'எங்க சூடு?'ன்னு கிடங்கையே கேளுங்க. அதுங்க தங்களுக்குள்ள பேசி ஒரே பதிலாச் சொல்லும்."

அவர் அதை வைத்து முடித்ததும் கேட்டேன். "வடக்கு மூலை" என்று வந்தது. எனக்குப் புல்லரித்தது. அவர் தலையாட்டிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார். அப்படி நிச்சயமாகத் தலையாட்ட எனக்கு இன்றும் வரவில்லை.

கிடங்குக்காரரைப் பெருமையோடு வடக்கு மூலைக்கு அழைத்துப்போனேன். மூட்டையை விலக்கிப் பார்த்தவர் சொன்னார்:

"நெல்லு நல்லாத்தான் இருக்கு சயா. உங்க மெஷின்மேல பூனை குட்டி போட்டிருக்கு."