பச்சை லைட் எரிந்த மதியம்

அப்பா போன பிறகு ஆம்பூர் வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மி என்றுதான் கூப்பிடுவேன். எனக்குக் கல்யாணம் நிலைக்கவில்லை, அது வேறு கதை. வேலை ராணிப்பேட்டையில், ஒரு தோல் கம்பெனியின் ஷிப்பிங் செக்‌ஷனில். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அம்மிக்குச் சர்க்கரை முற்றி, வீட்டுக்குள்ளேயே இரண்டு தடவை தலைசுற்றி விழுந்துவிட்டார். அறையில் கேமரா வைக்கலாம் என்றேன்.

"தலையில துணி இல்லாம படுத்திருப்பேன். எவனோ எங்கியோ உக்காந்து பாக்குறதா? வேணாம் பேட்டா."

அம்மி சொன்னதில் தப்பில்லை. மலிவுக் கேமராவின் படம் முதலில் எந்த ஊர் கம்பெனிக்கோ போய்விட்டுத்தான் நம் போனுக்கு வருகிறது. அதனால் வீட்டு ரவுட்டரிலேயே வி.பி.என். சர்வர் போட்டேன். படம் வீட்டு வாசலைத் தாண்டாது. என் போன் மட்டும் சாவியோடு ரவுட்டருக்குள் வந்து பார்த்துவிட்டுப் போகும். வீட்டில் நாங்கள் பேசுவது உருதுவும் தமிழும் கலந்த பாஷை. அதில் இதை எப்படி விளக்குவது? "பர்தா மாதிரி, கோஷா போட்ட ரோடு அம்மி. நான் ஒருத்தன்தான் வர முடியும்" என்றேன்.

"ரோட்டுக்கே கோஷாவா!" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "நீ பாக்குறியா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "ரவுட்டர்ல பச்சை லைட் எரிஞ்சா நான் பாத்துட்டிருக்கேன்னு வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். அந்த லைட் கரண்ட் இருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

முதல் வாரமே தொல்லை ஆரம்பித்தது. மதியம் போனில் திறந்தால் 'இணைக்க முடியவில்லை'. கம்பெனியில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று எனக்குப் பெயர் வேறு. சாவியை அழித்துப் புதிதாகப் போட்டேன். போர்ட் நம்பரை மாற்றினேன். வெளியிலிருந்து நம் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு தனி முகவரி வேண்டும், அதை நெட் கொடுக்கும் கேபிள்காரர் பிடுங்கிவிட்டாரோ என்று அவரிடம் சண்டை போட்டேன். "இல்ல சார், உங்களுது அப்படியேதான் இருக்குது" என்றார். ஒவ்வொரு தடவையும் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் செய்வேன். அவர் போய்ப் பார்த்தால் அம்மி வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்.

ரவுட்டர் தன் பதிவில் எல்லாவற்றையும் குறித்து வைக்கும். நாலைந்து நாள் சாயந்திரம் தொடர்ந்து அதைத் திறந்து பார்த்தேன். தினமும் மதியத் தொழுகையை ஒட்டிப் பதிவு அழிந்து புதிதாகத் தொடங்கியிருந்தது, யாரோ அணைத்துப் போட்ட மாதிரி. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே காத்திருந்தேன். அம்மி குளித்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி வந்தார், ரவுட்டர் சுவிட்சை டக்கென்று அணைத்தார்.

"இன்னா அம்மி இது?"

"துணி மாத்தணும் பேட்டா. பச்சை லைட் எரியுதே, நீ பாக்குறல்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டது இதற்கா? அப்போதாவது லைட்டைப் பற்றிய உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. "சரி, இனிமே லைன் கெடைக்கலேன்னா நீங்க துணி மாத்துறீங்கன்னு நெனச்சுக்கறேன், போதுமா?" என்றேன். அம்மி வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு கண்டெய்னர் கிளம்ப வேண்டியிருந்தது. பன்னிரண்டே முக்காலுக்குப் போனைத் திறந்தேன். இணைக்க முடியவில்லை. துணி மாற்றுகிறார் என்று சிரித்துக்கொண்டே பேப்பர் வேலையைப் பார்த்தேன். இரண்டு மணிக்கும் கிடைக்கவில்லை. திரும்பப் போட மறந்திருப்பார். மூன்று மணிக்கு அவர் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொன்னபோதுதான் அவர், "உங்கம்மா துணி மாத்துறதுக்கெல்லாம் நான் ஓடியாரணுமா? பேஜாரா இருக்குதுப்பா" என்று சொல்லியிருந்தார். புலி வருது கதை ஆகிவிட்டது என்னுடையது. கூச்சத்தை விழுங்கிக் கூப்பிட்டபோது மணி நாலு. கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்கள்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. வேலூருக்குக் கொண்டுபோனோம். அங்கே காத்திருந்தபோது கேபிள்காரர் போனில் சாவகாசமாகச் சொன்னார்: "இன்னிக்குக் காலையிலதான் உங்க தெருவையே ஒரே அட்ரஸுக்கு மாத்திட்டாங்க சார். வெளியேர்ந்து உள்ள வர முடியாது. வீட்ல நெட் வருதுல்ல, அப்புறம் இன்னா?" முதல் வாரம் நான் சந்தேகப்பட்ட அதே கோளாறு. அது நிஜமாகவே வந்த நாளில் நான் சந்தேகப்படவில்லை.

கேமராவுக்குள் இருந்த மெமரி கார்டில் எல்லாம் பதிவாகியிருந்தது. ஒரே ஒரு தடவை பார்த்தேன். குளித்துவிட்டு வந்து, சுவிட்சை அணைக்கப் போகும் வழியில் கட்டிலோரம் விழுகிறார். எழ முயல்கிறார், முடியவில்லை. துப்பட்டா கைக்கு எட்டாமல் கிடக்கிறது. விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து முதலில் தலையை மூடிக்கொள்கிறார். பிறகு கழுத்தைத் திருப்பி, ரவுட்டர் இருக்கும் அலமாரியைப் பார்க்கிறார். அப்புறம் நேராகக் கேமராவைப் பார்த்துக் கையை உயர்த்தி, வா என்று கூப்பிடுகிறார். கை சோர்ந்ததும் இறக்குகிறார், மறுபடி கூப்பிடுகிறார். முகத்தில் பதற்றமே இல்லை. அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. பதறிக் கத்தியிருந்தால் தெருவில் யாருக்காவது கேட்டிருக்கும். மகன் பார்த்துவிட்டான், கிளம்பிவிட்டான் என்று நம்பியவர் எதற்குக் கத்தப் போகிறார்?

அதற்குப் பிறகு அம்மி பத்து நாள்தான் இருந்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. "என் புள்ள அங்க உக்காந்துட்டு என்னியேதான் பாத்துட்டிருந்தான். கூப்டதும் ஓடியாந்துட்டான். பஸ்தான் கொஞ்சம் லேட்டு." சொல்லிவிட்டு, சாட்சிக்கு என் பக்கம் திரும்புவார்.

"பாத்தல்ல பேட்டா?"

"பாத்தேன் அம்மி."